காட்டி ரோல் பிய்கிறதா, ஊறுகிறதா, விறைக்கிறதா?

வீட்டில் ரோல் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மசாலாவைத் தனியாகச் சாப்பிட்டால் பிரமாதமாக இருக்கும். ரொட்டியைப் பிய்த்துத் தின்றால் அதுவும் நன்றாகவே இருக்கும். இரண்டையும் சேர்த்துச் சுருட்டியதும் வினை ஆரம்பிக்கும். ரொட்டி நடுவில் வெடிக்கும், அடியில் சாறு ஒழுகும், நாலாவது வாய்க்குள் முக்கால்வாசி தட்டில் கிடக்கும். நான் முதன்முதலாகச் செய்த ஆறு ரோலையும் வீட்டில் கரண்டி வைத்துத்தான் சாப்பிட்டோம்.

பத்துப் பதினைந்து முறை கெடுத்த பிறகுதான் ஒன்று பிடிபட்டது. மாவில் இருக்க வேண்டிய தண்ணீர் மாவில் இல்லை, மசாலாவில் இருக்கக் கூடாத தண்ணீர் மசாலாவில் இருந்தது. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் தண்ணீர் விவகாரம்தான். முழுவதையும் படிக்க வேண்டும் என்றில்லை. உங்கள் ரோலுக்கு என்ன ஆனதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள்.

அதற்கு முன் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சில ஓட்டல் மெனுவில் 'கத்தி ரோல்' என்று அச்சடித்திருப்பார்கள். கத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வங்காளியில் 'காட்டி' என்றால் குச்சி. கொல்கத்தா நியூ மார்க்கெட் பக்கம் இருக்கும் நிஜாம்ஸ் உணவகத்தில் கபாப்பைப் பரோட்டாவில் சுருட்டிக் கொடுக்க ஆரம்பித்ததில் பிறந்தது என்பார்கள். கபாப்பைக் குத்திச் சுடும் இரும்புக் கம்பி போய் மூங்கில் குச்சி வந்ததும் குச்சியின் பெயரே பண்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. மும்பைக்காரர்களின் ஃபிராங்கி இதற்குத் தம்பி முறை. 1969-ல் அமர்ஜித் சிங் திப் என்பவர் தொடங்கியது, மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் வீரர் ஃபிராங்க் வொரெல் நினைவாக வைத்த பெயர்.

இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொல்கத்தா ரோல் என்பது எண்ணெயில் பொரிந்த, கொஞ்சம் கனமான பரோட்டா, உள்ளே ஏறக்குறைய உலர்ந்த கபாப். ஃபிராங்கி என்பது மெல்லிய ரொட்டி, மேலே முட்டைப் பூச்சு, உள்ளே சற்று ஈரமான மசாலா. ஒவ்வொன்றிலும் ரொட்டியும் மசாலாவும் ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்துச் சேர்ந்தவை. நாம் என்ன செய்கிறோம்? முட்டைப் பூச்சே இல்லாத மெல்லிய சப்பாத்தியில் கிரேவி பதத்தில் இருக்கும் பனீர் மசாலாவை வைக்கிறோம். அது எப்படி நிற்கும்?

அடிப்படை அளவு

மைதா 250 கிராம், அதாவது இரண்டு கப். உப்பு அரை டீஸ்பூன், சர்க்கரை அரை டீஸ்பூன், எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் 140 முதல் 150 மில்லி. இதில் 70 கிராம் எடையில் ஆறு உருண்டைகள் வரும். ஒவ்வொன்றையும் 20 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தேய்க்கலாம். பாதி மைதா, பாதி கோதுமை மாவு என்றால் தண்ணீரை 10, 15 மில்லி கூட்டுங்கள். கோதுமை மாவில் இருக்கும் தவிடு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். முழுக்கக் கோதுமையில் செய்தாலும் ரோல் வரும், ஆனால் அது சுருட்டிய சப்பாத்தியாகத்தான் இருக்கும். அது பிடிக்கும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், நான் தடுக்கவில்லை.

தேய்க்கத் தேய்க்க மாவு சுருங்கிக்கொள்கிறது

கட்டையை எடுத்ததும் ரப்பர் மாதிரி உள்ளே இழுத்துக்கொள்கிறதா? மாவு ஓய்வெடுக்கவில்லை என்று அர்த்தம். தண்ணீர் பட்டுப் பிசையும்போது மைதாவில் இருக்கும் புரதம் குளூட்டன் என்கிற வலையாகப் பின்னிக்கொள்கிறது. பிசைந்து முடித்த கையோடு அந்த வலை முறுக்கேறி இருக்கும். ஈரத்துணி போட்டு மூடி அரை மணி நேரம் விட்டால் தானாகத் தளரும். ஒரு மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது.

அரை மணி நேரம் விட்டும் சுருங்குகிறது என்றால், உருண்டை பிடிக்கும்போது திரும்பப் போட்டு உருட்டி அழுத்தியிருப்பீர்கள். அப்போது மறுபடி முறுக்கேறிவிடும். உருண்டை பிடித்த பிறகு இன்னொரு பத்து நிமிடம் எண்ணெய் தடவி வையுங்கள். அவசரத்தில் பலத்தைக் காட்டித் தேய்ப்பதால் ஒன்றும் ஆகாது, நடுவில் மெலிந்து ஓட்டை விழும், ஓரம் தடியாகவே இருக்கும். முரண்டு பிடிக்கும் உருண்டையை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள், திரும்பி வருவதற்குள் அது வழிக்கு வந்திருக்கும்.

ரொட்டி விறைத்து, மடிக்கும்போது விரிசல் விடுகிறது

இதில் மூன்று ரகம் உண்டு. எப்போது விறைக்கிறது என்று பாருங்கள். அதை வைத்துத்தான் காரணத்தைப் பிடிக்க முடியும்.

கல்லிலிருந்து எடுக்கும்போதே அப்பளம் மாதிரி இருந்தால் தீ குறைவு. கேட்பதற்கு விநோதமாக இருக்கும், ஏனென்றால் விறைத்த ரொட்டியைப் பார்த்ததும் எல்லோருக்கும் தீயைக் குறைக்கத்தான் தோன்றும். குறைந்த தீயில் ரொட்டி வேக மூன்று, நாலு நிமிடம் ஆகும். அத்தனை நேரமும் அதிலிருந்து ஈரம் போய்க்கொண்டே இருக்கும். நல்ல சூடான கல்லில் பக்கத்துக்கு ஒரு நிமிடத்துக்குள் புள்ளி விழுந்து வெந்துவிடும், ஈரம் உள்ளேயே தங்கும். கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் அது ஓடி விளையாடி மறைய வேண்டும். ஒரே இடத்தில் கிடந்து மெதுவாகக் காய்ந்தால் இன்னும் சூடு போதாது. இரும்புத் தோசைக்கல் இருந்தால் அதையே எடுங்கள். மெல்லிய நான்ஸ்டிக் தவாவில் குளிர்ந்த ரொட்டியைப் போட்டதுமே சூடு இறங்கிவிடுகிறது.

எடுக்கும்போது மிருதுவாக இருந்து, ஐந்து பத்து நிமிடத்தில் விறைத்தால் ரொட்டியை மூடாமல் விட்டிருப்பீர்கள். தட்டில் பரப்பி வைத்த ரொட்டியின் ஆவி வீட்டுக்குள் போய்விடும். சுட்ட கையோடு பருத்தித் துணியில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, துணியின் ஓரங்களை மேலே மடித்து மூடிவிடுங்கள். துணி முக்கியம். துணி இல்லாமல் ஹாட் பேக்கில் போட்டு மூடினால் மூடியில் கோத்த தண்ணீர் மேல் ரொட்டியில் சொட்டி, அது பிசுபிசுத்துப் போகும்.

முதல்நாள் செய்து ஃபிரிட்ஜில் வைத்தது விறைத்திருந்தால் அது காய்ந்ததால் வந்ததல்ல, காற்றுப் புகாத டப்பாவில் இருந்தாலும் விறைக்கும். வெந்தபோது இளகிய மாவுச்சத்து ஆறியதும் மறுபடி இறுகிக்கொள்கிறது. ஃபிரிட்ஜின் குளிர் அந்த வேலையை இன்னும் வேகமாக்குகிறது. ஃபிரிட்ஜில் வைத்த சோறு விறைப்பதும் இதே கதைதான். கல்லில் சில சொட்டுத் தண்ணீர் தெளித்துச் சுட வைத்தால் மறுபடி இளகும், ஆனால் சூடாக இருக்கும்போதே சுருட்டிச் சாப்பிட்டுவிட வேண்டும். ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டுமென்றால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு வேண்டாம், ஃபிரீசரில் வையுங்கள். அரைவேக்காட்டில் எடுத்து, இடையிடையே பட்டர் பேப்பர் போட்டு அடுக்கினால் ஒரு மாதம் வரை தாராளமாக இருக்கும். எடுத்ததும் உருகவிடாமல் நேராகச் சூடான கல்லில் போடலாம்.

மூன்றும் இல்லை, இன்னும் விறைப்புதான் என்றால் தூவும் மாவைப் பாருங்கள். தேய்க்கும்போது அள்ளி அள்ளித் தூவும் மைதா ரொட்டியின் மேலே ஒட்டி, ஈரத்தை உறிஞ்சி, கல்லில் கருகும். ஒட்டுகிறதே என்றால் மாவுக்குப் பதிலாகத் தேய்க்கும் பலகையிலும் கட்டையிலும் எண்ணெய் தொட்டுக்கொள்ளுங்கள்.

மேலே சிவந்துவிட்டது, கடித்தால் பச்சை மாவு வாசம்

பரோட்டா மாதிரி சுருட்டி அடுக்கு வைத்துச் செய்பவர்களுக்கு வருவது. சுருளின் நடு தடியாகவே நின்றுவிடுகிறது. சுருளை உள்ளங்கையால் முதலில் அழுத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். முதலில் எண்ணெய் இல்லாமல் இரண்டு பக்கமும் நிறம் மாறும் வரை போட்டு, அப்புறம் எண்ணெய் விட்டு நடுத்தீயில் அழுத்திப் பொரியுங்கள். எடுத்ததும் பரோட்டாக் கடைக்காரர் செய்வது போல இரண்டு கையாலும் ஓரத்திலிருந்து ஒரு தட்டுத் தட்டினால் அடுக்கு பிரியும். ரோலுக்கு லேசாகத் தட்டினால் போதும். வேகமாக அடித்தால் அடுக்கெல்லாம் சிதறி, மசாலா வெளியே வர நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

முட்டை தனியாகக் கழன்று வருகிறது

முட்டையைக் கல்லில் ஊற்றி, ஆம்லெட்டாக வெந்த பிறகு ரொட்டியை மேலே வைத்தால் ஒட்டாது. முட்டை இறுகிவிட்டால் பிறகு எதையும் பிடித்துக்கொள்ளாது. முதலில் ரொட்டியை இரண்டு பக்கமும் முக்கால் பதம் வேகவைத்துக் கையில் தயாராக வையுங்கள். ஒரு முட்டையை உப்பு, மிளகு போட்டு அடித்துக் கல்லில் ஊற்றி, ரொட்டி அகலத்துக்குப் பரப்பிய உடனே, மேலே இன்னும் தளும்பிக்கொண்டிருக்கும்போதே, ரொட்டியை வைத்து அழுத்துங்கள். இருபது, முப்பது நொடியில் திருப்பிப் போடலாம்.

ரொட்டியின் மேல் எண்ணெய் பளபளத்தாலும் முட்டை வழுக்கும். முட்டை படப்போகும் பக்கத்தில் எண்ணெய் தடவாதீர்கள். இன்னொன்று, இந்த முட்டைப் பூச்சு ருசிக்கு மட்டும் அல்ல. முட்டைப் பக்கத்தை உள்ளே வைத்துச் சுருட்டினால், மசாலாவின் ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் அது தடுத்து நிற்கும். முட்டை சாப்பிடுகிற வீடாக இருந்தால் ஊறிப்போகும் பிரச்சினையில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

அடியில் ஊறி, பிய்ந்து, முழங்கை வரை ஒழுகுகிறது

எனக்கு வரும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். சந்தேகப்பட வேண்டிய இடங்கள் நாலு.

முதலாவது மசாலா. கல்லில் வதங்கும்போது பார்த்தால் வறண்டு தெரியும், ஆறினால் ஓரத்தில் நீர் கோத்திருக்கும். சோதிக்க எளிய வழி இருக்கிறது. மசாலாவை ஒரு தட்டில் குவித்து, தட்டை லேசாகச் சாய்த்து இரண்டு நிமிடம் வையுங்கள். கீழே நீர் ஓடினால் ரோலுக்கு அது தகுதியில்லை. மறுபடி கல்லில் போட்டு, மூடாமல், பெரிய தீயில் வற்றவிடுங்கள். அவசரமென்றால் வறுத்த கடலை மாவு ஒரு டீஸ்பூன் தூவிப் பிரட்டினால் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பொட்டுக்கடலைப் பொடியும் ஆகும்.

தக்காளியை நான் ரோல் மசாலாவில் போடுவதையே விட்டுவிட்டேன். புளிப்புக்கு எலுமிச்சை இருக்கிறது, ஆம்சூர் என்கிற காய்ந்த மாங்காய்ப் பொடி இருக்கிறது. தக்காளிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் விதையையும் சதைநீரையும் வழித்தெடுத்துவிட்டு வெளிச் சதையை மட்டும் நறுக்கிப் போடுங்கள்.

இரண்டாவது தயிர். பனீரையோ சிக்கனையோ ஊறவைக்கக் கடைத் தயிரை அப்படியே ஊற்றினால், கல்லில் போட்டதும் அது பிரிந்து குளம் கட்டும். அந்தக் குளத்தில் சிக்கன் வேகுமே தவிர வறுபடாது. தயிரை மெல்லிய துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிடுங்கள். பாதி அளவுக்கு வற்றி, வழித்து எடுக்கும் பதத்தில் இருக்கும். அதோடு ஒரு டேபிள்ஸ்பூன் வறுத்த கடலை மாவு சேர்த்தால் மசாலா துண்டுகளில் ஒட்டி நிற்கும். அப்படியும் நீர் விட்டால் கல்லில் கூட்டம் அதிகம். கால் கிலோ சிக்கனை ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு தடவையாகப் போடுங்கள். துண்டுகளுக்கு நடுவே கல் தெரிய வேண்டும்.

மூன்றாவது வெங்காயம். இவர்தான் கூட இருந்தே குழி பறிப்பவர். பச்சை வெங்காயத்தில் உப்பும் எலுமிச்சையும் பிசைந்து வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்ப்போம். உப்பு வெங்காயத்திலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். கால் மணி நேரம் கழித்துக் கிண்ணத்தைப் பார்த்தால் அடியில் சாறு நிற்கும். அந்தச் சாறோடு அள்ளி ரோலில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு இரண்டு வழி. ஒன்று, உப்பில்லாமல் நறுக்கி வைத்து, சுருட்டும் நொடியில் உப்பும் எலுமிச்சையும் சேர்ப்பது. இன்னொன்று, முன்னதாகவே உப்புப் போட்டு, பத்து நிமிடம் கழித்துக் கையால் இறுகப் பிழிந்துவிடுவது. இரண்டாவதில் காரம் குறைந்து குழந்தைகளும் சாப்பிடும்படி இருக்கும், ஆனால் நறுக்கென்ற கடி போய்விடும். எனக்கு முதல் வழிதான்.

நாலாவது சட்னி. கொத்தமல்லி, புதினா சட்னியைத் தோசைக்கு அரைப்பது போலத் தண்ணீர் விட்டு அரைத்தால் ரோலுக்கு ஆகாது. தண்ணீருக்குப் பதிலாக இரண்டு ஸ்பூன் கட்டித் தயிர், கொஞ்சம் பொட்டுக்கடலை சேர்த்துக் கெட்டியாக அரையுங்கள். கரண்டியைக் கவிழ்த்தால் சட்டென்று விழக் கூடாது, அதுதான் பதம். புதினாவைத் தண்டோடு போட்டால் கசக்கும், இலையை மட்டும் கிள்ளிப் போடுங்கள்.

இந்த நாலும் சரி, ஆனாலும் ஊறுகிறது என்றால் சூட்டைப் பாருங்கள். கொதிக்கும் மசாலாவை ரொட்டியில் வைத்து உடனே இறுக்கிச் சுற்றினால் உள்ளே கிளம்பும் ஆவி வெளியேற வழியில்லாமல் ரொட்டியிலேயே நீராகப் படியும். மசாலாவை இரண்டு மூன்று நிமிடம் ஆவி அடங்கவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது வையுங்கள். ரொட்டி சூடாக, மசாலா இளஞ்சூடாக, வெங்காயம் பச்சையாக இருக்க வேண்டும்.

பனீர் ரப்பர் மாதிரி, சிக்கன் நார் மாதிரி

பனீர் பாலைத் திரித்து எடுத்தது, சீஸைப் போல உருகாது. அதிக நேரம் சூட்டில் வைத்தால் உள்ளிருக்கும் ஈரத்தைக் கக்கிவிட்டு இறுகும். ஆகவே பனீர் கல்லில் இருக்க வேண்டியது மொத்தமே மூன்று நாலு நிமிடம். மசாலாவை முதலில் வதக்கி வற்றவைத்துவிட்டுக் கடைசியில் பனீரைப் போடுங்கள். பாக்கெட் பனீராக இருந்தால் வெட்டியதும் உப்புப் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, துணியில் ஒற்றி எடுத்துப் போட்டால் மிருதுவாக இருக்கும். ஒற்றுவதை மறந்தால் மேலே சொன்ன குளம் திரும்ப வந்துவிடும்.

சிக்கனில் நெஞ்சுக்கறியை விடத் தொடைக்கறிதான் ரோலுக்கு ஏற்றது. கொழுப்பு கொஞ்சம் இருப்பதால் ஒரு நிமிடம் கூடிப்போனாலும் மன்னிக்கும். எலும்பில்லாமல் சுண்டுவிரல் தடிமனுக்கு நீளவாக்கில் வெட்டுங்கள். உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் வந்தால் பத்திரம். வெப்பமானி இல்லாதவர்கள் தடியான துண்டு ஒன்றை வெட்டிப் பார்க்கலாம், உள்ளே இளஞ்சிவப்பும் இருக்கக் கூடாது, வழியும் சாறும் தெளிவாக இருக்க வேண்டும். மட்டனுக்குப் பச்சைப் பப்பாளி விழுது போடுகிறவர்கள் அரைக் கிலோவுக்கு ஒரு டேபிள்ஸ்பூனோடு நிறுத்துங்கள். இரவு முழுக்க ஊறவிட்டால் கறி கறியாக இருக்காது, களியாகிவிடும். இது என் சொந்தச் சாதனை. அதை வடையாகத் தட்டிப் பரிமாறி, கபாப் என்று சமாளித்தேன்.

குச்சியில் குத்திச் சுடுகிறவர்கள் மூங்கில் குச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். இல்லாவிட்டால் கறிக்கு முன்னால் குச்சி எரியும்.

சுருட்டினால் நிற்பதில்லை

பெரும்பாலும் ஆசைதான் காரணம். 20 சென்டிமீட்டர் ரொட்டிக்கு மசாலா 70, 80 கிராம் போதும், கிட்டத்தட்ட நாலு டேபிள்ஸ்பூன். அதை நடுவில் குவிக்காமல், ஒரு ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு விரல் அகலத்துக்கு நீளக்கோடாக வையுங்கள். கீழ்ப்பக்கம் மூன்று விரல் இடம் விடுங்கள். அந்த இடத்தை முதலில் மேலே மடித்து, பிறகு பக்கவாட்டில் இறுக்கிச் சுருட்டினால் அடி மூடிக்கொள்ளும். சுருட்டிய விளிம்பு கீழே இருக்கும்படி கல்லில் அரை நிமிடம் வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும்.

பாதி வரை காகிதம் சுற்றிக்கொடுப்பது அழகுக்காக மட்டும் அல்ல, அதுதான் ரோலின் இடுப்புப் பட்டை. பட்டர் பேப்பரில் சுற்றி அடியை முறுக்கிவிடுங்கள். செய்தித்தாள் மட்டும் வேண்டாம். அச்சு மையிலுள்ள ரசாயனம் எண்ணெய்ச் சூட்டில் உணவில் இறங்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் உணவைச் செய்தித்தாளில் பொதிவதற்கே தடை போட்டிருக்கின்றன.

எல்லாம் சரி, கடை ருசி மட்டும் இல்லை

இதைக் கேட்பவர்கள் எல்லோரும் கரம் மசாலாவைக் கூட்டிப் பார்த்திருப்பார்கள். அது தப்பான கதவு. முதலில் எண்ணெயைப் பாருங்கள். கடையில் பரோட்டாவுக்கு விடும் எண்ணெயை நேரில் பார்த்தவர்களுக்குப் புரியும். ஒரு ரொட்டிக்கு ஒரு டீஸ்பூன் விட்டுவிட்டுக் கடை ருசி எங்கே என்று தேடக் கூடாது, இரண்டு டீஸ்பூனாவது வேண்டும். வேண்டாம் என்றால் கடை ருசியையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதிலும் தப்பில்லை.

அப்புறம் புளிப்பு. மசாலா மேல் எலுமிச்சையைப் பிழிவது, அடுப்பில் அல்ல, சுருட்டுவதற்கு முந்தைய நொடியில். மேலே கொஞ்சம் சாட் மசாலா. கொல்கத்தா ரோலில் பச்சை மிளகாயும் வெங்காயமும் எலுமிச்சையும்தான் உயிர், மயோனைஸ் ஊற்றுவதை அங்கே பழைய ஆட்கள் ரசிப்பதில்லை. ஃபிராங்கி வாசம் வேண்டுமென்றால் வினிகரில் ஊறிய பச்சை மிளகாய், ஆம்சூர், வறுத்த சீரகப்பொடி. இவை மூன்றும் இருந்தால் வெறும் உருளைக்கிழங்கு மசாலாவே போதும்.

புகை வாசம் ஏக்கம் உள்ளவர்களுக்கு: வறுத்த மசாலா நடுவில் சின்னக் கிண்ணம் வைத்து, தணலான அடுப்புக்கரித் துண்டு ஒன்றைப் போட்டு, மேலே நாலு சொட்டு நெய் விட்டு மூடுங்கள். இரண்டு நிமிடம் போதும். ஐந்து நிமிடம் விட்டால் மசாலா கசக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

காலையில் கட்டிக்கொடுத்த ரோல் மதியம் நசநசக்கிறது

டிஃபன் பாக்ஸ் ரோலுக்குத் தனிச் சட்டம். சட்னி வேண்டாம், பச்சை வெங்காயம் வேண்டாம், மசாலாவை முழுக்க ஆறவிட வேண்டும். ரொட்டியின் உட்புறம் மெல்லிசாக வெண்ணெய் தடவுங்கள், ஈரத்துக்குத் தடுப்பு. ரொட்டியும் ஆறிய பிறகே சுருட்டி, முதலில் பட்டர் பேப்பர், அதற்கு மேல் வேண்டுமானால் அலுமினியத் தாள். வெறும் அலுமினியத் தாளில் சூடாகச் சுற்றினால் வேர்த்து ஊறுவது நிச்சயம். இப்படிக் கட்டும் ரோலுக்குப் பாதி கோதுமை கலந்த ரொட்டிதான் மேல். முழு மைதா ஆறினால் இழுவையாகிக் கடிக்கக் கஷ்டம்.

உள்ளே என்ன வைக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். சிக்கன், முட்டை, பனீர் எல்லாம் சமைத்த பிறகு வெளிச்சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருப்பது நல்லதல்ல, நம் ஊர் வெயிலில் அதையும் குறைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் மதியம் ஒரு மணிக்குத் திறக்கும் டப்பாவுக்கு உருளைக்கிழங்கு, பட்டாணி போன்றவைதான் கொஞ்சம் தாங்கும். மயோனைஸைத் தொடவே தொடாதீர்கள். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸால் உணவு நஞ்சாகிறது என்று தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் அதற்கு ஓராண்டுத் தடையே போட்டது. வீட்டில் நாம் அடிப்பதும் அதே பச்சை முட்டையில்தான்.

இதையெல்லாம் செய்தும் திருப்தி இல்லை என்றால், காலையில் சுருட்டுவதையே விட்டுவிடுங்கள். ரொட்டியைத் துணியில் மடித்து ஒரு டப்பாவிலும், மசாலாவை இன்னொரு சின்ன டப்பாவிலும் கொடுத்துவிட்டால் குழந்தையே சுருட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான். எலுமிச்சைத் துண்டு ஒன்றும் கூடவே போகிறது. அது மட்டும் தினமும் பிழியாமலே திரும்பி வருகிறது.